பிள்ளைக்கு ஜீவனாம்சம்: மனு போடுவதிலிருந்து பணம் கைக்கு வரும்வரை (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

ஆர்டர் வாங்கி இரண்டு வருடம் கழித்து, அந்த நகலை நான்காக மடித்து மணிபர்சில் வைத்துக்கொண்டு வருகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். "மாசம் எட்டாயிரம் குடுக்கணும்னு ஜட்ஜ் சொல்லிட்டாரு மேடம், ஒரு பைசா வரல." ஆர்டர் போட்ட கோர்ட்டே ஆளைப் பிடித்து வசூலித்துத் தரும் என்று நம்பி இத்தனை நாள் சும்மா இருந்திருக்கிறார்கள். கோர்ட் தானாக அசையாது. மனு போட்டால்தான் அசையும், அதுவும் தேதிக்குள் போட்டால்தான் முழுசாக அசையும்.

தமிழ்நாட்டில் ஒரு மாவட்டத் தலைநகரில் வக்கீலாக இருக்கிறேன். கோர்ட் வராண்டாவில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை. உங்கள் வழக்கின் காகிதத்தைப் பார்த்த வக்கீல் வேறு விதமாகச் சொன்னால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

ஜீவனாம்சம் எனக்கா, பிள்ளைக்கா? ரெண்டும் ஒண்ணுதானே?

ஒரே மனுவில் கேட்கலாம், ஆனால் உரிமைகள் இரண்டு. மனைவி நல்ல சம்பளம் வாங்கினாலோ, விவாகரத்துக்குப் பின் மறுமணம் செய்துகொண்டாலோ, காரணமில்லாமல் கணவரை விட்டுப் போனார் என்று கோர்ட் முடிவு செய்தாலோ அவருக்குரிய ஜீவனாம்சம் கிடைக்காமல் போகலாம். பிள்ளைக்குரியதை அவற்றில் எதுவும் தொடாது. அப்பா அம்மா சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது பிள்ளையின் சாப்பாட்டுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லாத விஷயம்.

அதனால் மனுவில் அம்மா முதல் மனுதாரர், பிள்ளை இரண்டாம் மனுதாரர் என்று தனித்தனியாகப் போட்டு, தொகையையும் தனித்தனியாகக் கேளுங்கள். "எங்கள் இருவருக்கும் சேர்த்து 15,000" என்று மொத்தமாகக் கேட்டு வாங்கிவிட்டால், பின்னால் அம்மாவின் பங்கு ரத்தாகும் நாளில் பிள்ளையின் பங்கு எவ்வளவு என்று மறுபடி வாதாட வேண்டிவரும். பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளர்ந்தால் அவர்களும் பிள்ளை சார்பில் மனு போடலாம்.

எந்தச் சட்டத்துல போடணும்?

அதிகம் பேர் போவது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில். 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு வந்திருக்கிறது. எண் மாறியது, சாரம் மாறவில்லை. வராண்டாவில் இன்றைக்கும் எல்லோரும் "ஒன் ட்வென்டி ஃபைவ்" என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் இதில் கிடையாது. முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இந்தப் பிரிவில் முழு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1997லேயே சொல்லிவிட்டது.

அடி உதை, மிரட்டல், வீட்டைவிட்டுத் துரத்தியது என்று இருந்தால் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலும் பிள்ளைக்குப் பணம் கேட்கலாம். விவாகரத்து வழக்கு ஏற்கெனவே நடந்தால் இந்துத் திருமணச் சட்டத்தின் 26ஆம் பிரிவில் அதே கோர்ட்டில் கேட்கலாம். இந்துக்களுக்கு 1956ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் இருக்கிறது. அதன் தேவை எங்கே வரும் என்பதைப் பெண் பிள்ளை பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

இரண்டு சட்டத்தில் போட்டால் இரண்டு மடங்கு கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒன்றில் வாங்கியதை மற்றதில் கழித்துக்கொள்வார்கள். முதல் ஆர்டரை மறைத்து இரண்டாவது மனு போடுவது உங்கள் பேரைத்தான் கெடுக்கும்.

நான் இப்போ அம்மா வீட்டுல இருக்கேன். கேஸ் அவர் ஊர்ல போடணுமா?

தேவையில்லை. நீங்கள் இப்போது குடியிருக்கும் இடத்திலேயே போடலாம். உங்கள் ஊர் குடும்ப நல நீதிமன்றத்தின் எல்லைக்குள் வந்தால் அங்கே, இல்லையென்றால் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்தில். சென்னையில் குடும்ப நல நீதிமன்றங்கள் உயர் நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. மனுவுக்கு 'எம்.சி.' (மெயின்டெனன்ஸ் கேஸ்) என்று ஆரம்பிக்கும் எண் கிடைக்கும். கூடவே சி.என்.ஆர். என்ற 16 இலக்க எண்ணையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டால், அடுத்த வாய்தா என்றைக்கு என்று போனிலேயே இ-கோர்ட்ஸ் செயலியில் பார்த்துக்கொள்ளலாம்.

என்னென்ன காகிதம் கொண்டுவரணும்?

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ஆதார், திருமணப் பதிவு அல்லது பத்திரிகை, போட்டோ. இவை எல்லோரிடமும் இருக்கும். வழக்கின் பலம் வேறு காகிதங்களில் இருக்கிறது: பிள்ளைக்கு ஆகும் செலவுக்கும் அவர் வருமானத்துக்கும் உள்ள ஆதாரங்கள்.

செலவுக்கு, பள்ளிக் கட்டண ரசீது, வேன் கட்டணம், டியூஷன், மருந்துச் சீட்டு, வாடகை ஒப்பந்தம். "மாசம் பத்தாயிரம் ஆகுது" என்று வாயால் சொல்வதைவிட, ஜூன் மாதம் ஷூவுக்கும் நோட்டுக்கும் ஆன கடை பில் அதிகம் பேசும். வருமானத்துக்கு, சம்பளச் சீட்டின் பழைய போட்டோ, வங்கிப் புத்தகம், வண்டியின் ஆர்.சி., பட்டா, வில்லங்கச் சான்று, அவர் பெயரில் ஓடும் கடையின் பில் புத்தகம். வேலையே இல்லை என்று சத்தியம் செய்பவர் போன மாதம் புது புல்லட்டுக்கு மாலை போட்டுப் பூசை செய்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருப்பார். அதை எடுத்து வையுங்கள். வாட்ஸ்அப், ஃபேஸ்புக் படங்களைக் கோர்ட்டில் தாக்கல் செய்யும்போது மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றையும் இணைக்கச் சொல்லி வக்கீலிடம் நினைவூட்டுங்கள். குடும்ப நல நீதிமன்றம் சாட்சியச் சட்டத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை, இருந்தாலும் எதிர்த்தரப்புக்கு ஒரு வாதத்தை ஏன் இலவசமாகக் கொடுக்க வேண்டும்?

எவ்வளவு கிடைக்கும்? சம்பளத்துல இத்தனை பர்சென்ட்னு கணக்கு இருக்கா?

சட்டத்தில் அப்படி ஒரு விகிதம் கிடையாது. ஒரு காலத்தில் 500 ரூபாய்க்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு இருந்தது, 2001இல் அதை எடுத்துவிட்டார்கள். மனைவிக்கு நிகரச் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயமாக இருக்கும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் ஒரு வழக்கில் சொன்னது. அதைப் பிள்ளைக்கும் ஃபார்முலாவாக நீட்டிச் சொல்கிறவர்கள் உண்டு, அது சரியில்லை. அப்பாவின் வருமானம், அவருக்கிருக்கும் நியாயமான பொறுப்புகள், பிரிவதற்கு முன் பிள்ளை எப்படி வளர்ந்தது, இப்போது என்ன செலவு ஆகிறது, இவற்றைப் பார்த்து நீதிபதி ஒரு தொகை போடுவார்.

2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகு இரண்டு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன், செலவு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும். விவசாயத்தை நம்பி இருப்பவர்களுக்குத் தனிப் படிவமே இருக்கிறது. வராண்டா மொழியில் இதற்குப் பெயர் "ரஜ்னேஷ் அஃபிடவிட்". வழக்கின் உயிர் இதில் இருக்கிறது, அவசரத்தில் நிரப்பாதீர்கள். அவர் போடும் அஃபிடவிட்டை வரி வரியாகப் படியுங்கள். "வருமானம் மாதம் 9,000, கார் இ.எம்.ஐ. மாதம் 14,000" என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தவரைப் பார்த்திருக்கிறேன். குறுக்கு விசாரணையில் இதற்குமேல் எதையும் கேட்க வேண்டியிருக்காது.

அதே அளவுகோல் உங்களுக்கும் உண்டு. தையல் வேலையில் வரும் நாலாயிரத்தை மறைத்து மாட்டிக்கொண்டால், பிள்ளைக்காகக் கேட்கும் மீதிக் கணக்கையும் சேர்த்துச் சந்தேகப்படுவார்கள்.

வேலையை விட்டுட்டேன்னு சொல்றாரு. அப்போ ஒண்ணும் வராதா?

வரும். கை கால் திடமாக இருக்கும் ஆள் உடலுழைப்பு செய்தாவது மனைவி பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் மறுபடியும் அழுத்திச் சொன்னது. வேலையை விட்ட தேதியையும் சம்மன் போய்ச் சேர்ந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், பல நேரம் வேறு விளக்கம் தேவைப்படாது.

நானும் சம்பாதிக்கிறேன். அதனால அவர் குடுக்க வேண்டாமா?

கொடுக்க வேண்டும். இருவரும் சம்பாதித்தால் பிள்ளையின் செலவை வருமான விகிதத்தில் பகிர்ந்துகொள்ளச் சொல்வார்கள். பிள்ளையை உடன் வைத்து வளர்ப்பதும் ஒரு செலவுதான் என்பதை வாதத்தில் சொல்லத் தவறாதீர்கள். காய்ச்சல் வந்த அன்று லீவு போடுவது யார்?

எத்தனை நாள் ஆகும்? அதுவரைக்கும் என்ன செய்யறது?

பிரதான வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் முதல் நாளே இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் சேர்த்துப் போடுங்கள். நோட்டீஸ் அவருக்குப் போய்ச் சேர்ந்த 60 நாளில் அதை முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 60 நாளில் முடியாது, ஆனால் அந்த வரியைச் சுட்டிக்காட்டி முன்கூட்டிய வாய்தா கேட்கலாம். கடைசியில் கிடைக்கும் தொகை மனு போட்ட தேதியிலிருந்து கணக்காகும் என்பதும் அதே ரஜ்னேஷ் தீர்ப்பில் இருக்கிறது. ஆகவே இழுத்தடிப்பவருக்குப் பாக்கி ஏறிக்கொண்டே போகும். அதேபோல, "பேசிப் பார்ப்போம், பெரியவங்க வரட்டும்" என்று மனு போடாமல் தள்ளிய மாதங்களுக்குப் பணம் திரும்பி வராது.

சம்மனை வாங்க மாட்டேங்கறாரு.

வேண்டுமென்றே தட்டிக்கழிக்கிறார் என்று கோர்ட்டுக்குத் தெரிந்தால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது அவர் இல்லாமலே, விசாரித்து ஆர்டர் போடலாம். அதை ரத்து செய்ய அவருக்கு மூன்று மாத அவகாசம் உண்டு, நல்ல காரணமும் காட்ட வேண்டும். எக்ஸ்பார்ட்டி ஆர்டரைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் அவருடைய சரியான முகவரிக்குத்தான் சம்மன் போனது என்பதற்கான காகிதம் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்று மாதம் கழித்தும் "எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவர் வந்து நிற்பது இந்த ஓட்டை வழியாகத்தான்.

எங்களுக்குச் சட்டப்படி கல்யாணம் ஆகல. பிள்ளை தன்னோடதே இல்லைன்னும் சொல்றாரு.

தாலி கட்டாமல் பிறந்த பிள்ளைக்கும் 144ஆம் பிரிவில் அப்பாவிடம் ஜீவனாம்சம் கேட்க முழு உரிமை உண்டு. அம்மாவுக்கு உரிமை வருமா என்பது தனி வாதம்.

கல்யாணம் ஆகி, அந்த உறவு நீடிக்கும்போது பிறந்த பிள்ளை என்றால் அது கணவரின் பிள்ளை என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று அவர் சொன்னால், அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஆத்திரத்தில் "டி.என்.ஏ. எடுங்கள்" என்று கேட்டதும் கோர்ட் அனுப்பிவிடாது, பிள்ளையின் நலனையும் மானத்தையும் பார்த்துத்தான் முடிவெடுக்கும். கல்யாணம் ஆகாத இடத்தில் இந்த அனுமானத்தின் துணை கிடையாது. அங்கே சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரம், மருத்துவமனையில் அப்பா என்று அவர் போட்ட கையெழுத்து, பிறப்புச் சான்றிதழ், பள்ளிச் சேர்க்கைப் படிவம் எல்லாமே தேவைப்படும்.

ஆர்டர் வந்தாச்சு. பணம் வரல. இப்போ என்ன?

இதற்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

முதல் வேலை, ஆர்டரின் சான்றிட்ட நகலுக்கு மனு போட்டு வாங்குவது. இலவசமாக ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, கேளுங்கள். இரண்டாவது, ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். மாதம், வர வேண்டியது, வந்தது, வந்த தேதி, பாக்கி என்று ஐந்து கட்டம் போடுங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மா மளிகைக் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்திலிருந்து இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தார். கணவரின் வக்கீல் "என் கட்சிக்காரர் ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வருகிறார்" என்று எழுந்ததும், இவர் நோட்டையும் பாஸ் புத்தகத்தையும் மேலே கொடுத்தார். நீதிபதி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மனு போட்டது 2023 ஜூனில். 2025 மார்ச்சில் மாதம் 8,000 என்று, மனு தேதியிலிருந்து கொடுக்கும்படி ஆர்டர். 2023 ஜூன் முதல் 2025 பிப்ரவரி வரை 21 மாதம். 21 × 8,000 = 1,68,000. நடுவில் இடைக்காலமாக ஆறு மாதம் 3,000 வீதம் கொடுத்த 18,000 கழியும். பழைய பாக்கி 1,50,000. அதற்குமேல் 2025 மார்ச்சிலிருந்து ஒவ்வொரு மாதமும் 8,000 சேரும். இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு, ஆர்டர் நகலுடன், பணம் வரவில்லை என்ற நிறைவேற்று மனுவை ஆர்டர் போட்ட அதே கோர்ட்டில் போட வேண்டும். அவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அந்த ஊர் மாஜிஸ்திரேட்டிடமும் போடலாம்.

அபராதத்தை எப்படி வசூலிப்பார்களோ அப்படியே இதையும் வசூலிக்க கோர்ட் வாரண்ட் போடும். வண்டி, டிவி, கடைச் சரக்கு போன்ற அசையும் சொத்தை ஜப்தி செய்யலாம். நிலவரி பாக்கிபோல வசூலிக்கச் சொல்லி கலெக்டருக்கு அனுப்பலாம். ஆனால் என்ன சொத்து, எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது உங்கள் வேலை. "அவருக்கு நிறைய சொத்து இருக்கு" என்றால் யாரும் எதையும் ஜப்தி செய்ய முடியாது. வண்டியின் பதிவு எண், நிலத்தின் சர்வே எண், கடையின் கதவு எண், இவை மனுவிலேயே இருக்கட்டும்.

வாரண்ட் போட்டதும் வேலை முடியவில்லை. அது கோர்ட்டிலிருந்து கிளம்பி சம்பந்தப்பட்ட ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பின்தொடருங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கோர்ட் வேலை பார்க்கும் காவலர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்டால் தெரியும். "ஆள் இல்லை" என்று வாரண்ட் திரும்பி வருவது சகஜம். ஆள் எந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்று எழுதிக் கொடுங்கள்.

வாரண்ட் போடப்போகும் வாய்தா அன்று பாதிப் பணம் வரும். எழுதிவைத்த விதிபோல வரும். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் கோர்ட்டில் பதிவு செய்து வாங்குங்கள். "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிய மெமோவில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு வருஷக் கணக்குன்னு சொல்றாங்களே, அது என்ன?

வாரண்ட் வழியில் வசூலிக்க, பணம் வர வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனு போட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு மாதத் தவணைக்கும் தனித்தனி ஒரு வருடம். 2025 ஏப்ரல் தவணைக்கு 2026 ஏப்ரலுக்குள். மடித்த காகிதத்துடன் மூன்றாம் வருடம் வருகிறவர்கள் இழப்பது இங்கேதான்.

தவறவிட்டால் பணமே போய்விட்டதா? இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013இல் இதைத் தெளிவாக்கியது. ஒரு வருட வரம்பு அந்தக் கடுமையான வழிக்கு மட்டும்தான், கொடுக்க வேண்டிய கடமை அதனால் அழியாது, பணத்துக்கான சிவில் வழி திறந்தே இருக்கிறது என்றது. ஏற்கெனவே போட்ட மனு நிலுவையில் இருக்கும்போது சேர்ந்த பாக்கியையும் அதில் கேட்கலாம் என்பது அந்தத் தீர்ப்பால் வந்த நன்மை. ஆனாலும் சிவில் வழி என்றால் இன்னொரு நடை. பத்து மாதத்துக்கு ஒருமுறை மனு போடுவதை வழக்கமாக்கிக்கொள்வது எளிது.

கட்டலைன்னா ஜெயில்ல போடுவாங்களா? உள்ள போயிட்டா பணம் கழிஞ்சுடுமா?

வாரண்டுக்குப் பிறகும் கட்டாமல், தகுந்த காரணமும் சொல்லாவிட்டால் ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் கட்டும்வரை, சிறையில் வைக்கலாம். பல மாதப் பாக்கிக்கு மொத்தமாக எத்தனை மாதம் வைக்கலாம் என்பதில் 1999இல் உச்ச நீதிமன்றம் ஒரு மாதத்துக்குமேல் கூடாது, மறுபடி கட்டாவிட்டால் மறுபடி மனு போடுங்கள் என்ற நிலையை எடுத்தது.

இரண்டாவது கேள்விக்குப் பதில், கழியாது. 1988லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: சிறை பணத்தை வரவழைக்கும் வழி, பணம் கொடுத்ததற்குச் சமம் ஆகாது. "உள்ளே போய்ட்டு வந்துடறேன், கணக்கு முடிஞ்சுது" என்று டீக்கடையில் சவால் விடும் கணவன்மார் இதைப் படித்தால் நல்லது.

என் அபிப்பிராயம் கேட்டால், சிறையைக் கடைசியில் வையுங்கள். உள்ளே இருக்கும் ஆள் சம்பாதிப்பதில்லை. சம்பளம் வரும் ஆளென்றால் வேறு நல்ல வழி இருக்கிறது.

சம்பளத்துலயே பிடிக்க முடியுமா?

முடியும், அரசு ஊழியரென்றால் இன்னும் எளிது. ஜீவனாம்ச ஆர்டரைப் பண டிக்ரிபோல (பணம் கொடுக்கச் சொல்லும் சிவில் கோர்ட் தீர்ப்பைப்போல) நிறைவேற்றலாம் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்கிறது. சாதாரணக் கடனுக்குச் சம்பளத்தில் முதல் ஆயிரமும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் போக மிச்சத்தைத்தான் தொட முடியும். ஜீவனாம்ச டிக்ரிக்கு நிலைமை தலைகீழ்: மூன்றில் ஒரு பங்குக்குத்தான் பாதுகாப்பு, மீதியைப் பிடிக்கலாம். குடும்ப வன்முறைச் சட்டத்தில் வாங்கிய ஆர்டர் என்றால், முதலாளியே நேரடியாகப் பணத்தைக் கட்டும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட 20ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. வேலை பார்க்கும் நிறுவனத்தின் பெயர், முகவரி, பணியாளர் எண் உங்களிடம் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

அவர் துபாய்ல இருக்காரு.

கஷ்டம்தான். வழக்கு போடத் தடையில்லை, சம்மன் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்பலாம். ஆனால் நம் வாரண்ட்டை அங்கே யாரும் நேரடியாக நிறைவேற்ற மாட்டார்கள். பிடி இங்கேதான்: அவர் பெயரில் இருக்கும் வீடு, மனை, வங்கிக் கணக்கு, வாடகை வருமானம். ஊரில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறார் என்றால் அதை முதலில் குறித்துவையுங்கள். கோர்ட் சம்மன் அல்லது வாரண்ட் போட்டிருக்கும் நிலையில் பாஸ்போர்ட்டை முடக்க பாஸ்போர்ட் சட்டத்தின் 10ஆம் பிரிவில் வழி உண்டு. விசா புதுப்பிக்கும் நேரத்தில் இது வேலை செய்யும்.

அவர் பணம் கட்டல. நான் பிள்ளையைக் காட்ட மாட்டேன்னு சொல்லலாமா?

சொல்லாதீர்கள். பார்க்கும் உரிமையும் பணமும் வேறு வேறு ஆர்டர். "பிள்ளையைக் காட்டவில்லை, அதனால் கட்டவில்லை" என்று அவர் சொன்னாலும் செல்லாது.

பரஸ்பர விவாகரத்துல "பிள்ளைக்கு எதுவும் வேண்டாம்"னு எழுதிக் குடுத்துட்டேன்.

அன்றைக்கு எப்படியாவது முடிந்தால் போதும் என்று இருந்திருக்கும், புரிகிறது. உங்கள் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுக்கலாம், பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. பிள்ளை சார்பில் மனு போடலாம். மொத்தமாக ஒரு தொகை வாங்கியிருந்தால் அது எதற்காக என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைப் பொறுத்து அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள்.

பதினெட்டு வயசு ஆயிட்டா நின்னுடுமா?

144ஆம் பிரிவில் பெரும்பாலும் ஆம். உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள முடியாத பிள்ளைக்கு 18க்குப் பிறகும் தொடரும். திருமணமாகாத இந்துப் பெண் பிள்ளை, சொந்த வருமானமோ சொத்தோ இல்லாவிட்டால், 1956 சட்டத்தின் 20ஆம் பிரிவில் அப்பாவிடம் கேட்கலாம். கல்யாணச் செலவுகூட அதில் அடக்கம். அதற்கு மாஜிஸ்திரேட்டிடம் போகாமல் அந்தச் சட்டத்தின்கீழ் தனியாகக் கேட்க வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

பையன் காலேஜ் சேருவது சரியாக 18ஐ ஒட்டித்தான். சமரசம் பேசும் இடத்தில், "பட்டப்படிப்பு முடியும்வரை கட்டணத்தை அப்பா செலுத்துவார்" என்று ஒரு வரியைக் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.

அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி போட்ட தொகை. இப்போ பத்தலை.

144ஆம் பிரிவு இருக்கும் அதே சன்ஹிதாவின் 146ஆம் பிரிவில் உயர்த்தக் கேளுங்கள். எல்.கே.ஜி. கட்டண ரசீதையும் ஏழாம் வகுப்பு ரசீதையும் சேர்த்துக் கொடுங்கள். அவரும் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஹைகோர்ட்டுக்குப் போயிட்டேன், இனி குடுக்க வேண்டாம்னு சொல்றாரு.

சீராய்வு மனு (கீழ்க் கோர்ட் ஆர்டர் சரியா என்று பார்க்கச் சொல்லும் மனு) போட்டதாலேயே ஆர்டர் நின்றுவிடாது. தடை உத்தரவு இருக்கிறதா என்று கேளுங்கள். தடை கொடுத்தாலும் பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டும்படி நிபந்தனை போடுவது வழக்கம். அவர் அந்த நிபந்தனையை மீறினால் தடையும் நிற்காது.

வக்கீல் ஃபீஸுக்குக் காசு இல்லை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம். மாவட்டக் கோர்ட் வளாகத்தில் மாவட்ட ஆணைக்குழு அலுவலகமும், தாலுகா கோர்ட்டில் வட்டக் குழுவும் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வீட்டில் வன்முறை என்றால் 181. நில வழக்குபோலத் தொகைக்கு ஏற்ற கோர்ட் ஃபீஸ் இந்த மனுவுக்கு இல்லை.

பணத்தைக் கையில குடுக்கறேங்கறாரு. வாங்கலாமா?

வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ஆர்டரிலேயே உங்கள் கணக்கு எண்ணைக் குறிப்பிட்டு, மாதம் ஐந்தாம் தேதிக்குள் என்று எழுத வைப்பது இன்னும் நல்லது. கையில் கொடுத்தால் "போன தீபாவளிக்கு இருபதாயிரம் கொடுத்தேன், மாமா சாட்சி" என்ற கதை பின்னால் வரும். 2024 டிசம்பரில் கோவை குடும்ப நல நீதிமன்றத்துக்கு ஒருவர் மனைவியின் இடைக்கால ஜீவனாம்சத்தில் 80,000 ரூபாயை ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களாக மூட்டை கட்டிக் கொண்டுவந்தார். நோட்டாக மாற்றிக் கொண்டுவரச் சொல்லி நீதிபதி அனுப்பிவிட்டார். பள்ளிக் கட்டணத்தை நேராகப் பள்ளிக்கே கட்டிவிட்டேன், அதைக் கழித்துக்கொள் என்பதும் ஆர்டரில் அப்படி எழுதியிருந்தால்தான். பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் கணக்கில் சேராது.